ஷாத்தோ தீக்கெம்: பூஞ்சை பிடித்த திராட்சையிலிருந்து வரும் பொன்னிற ஒயின் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயரை எப்படி உச்சரிப்பது?

தோட்டத்தின் பெயர் ஈக்கெம். பிரெஞ்சில் ‘ஈக்கெமின்’ என்று சொல்லும்போது முன்னால் ஒரு ‘த்’ ஒலி ஒட்டிக்கொள்ளும். அதனால் முழுப்பெயர் ஷாத்தோ தீக்கெம் என்று ஒலிக்கிறது. ஷாத்தோ என்றால் மாளிகை. பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் திராட்சைத் தோட்டம், ஒயின் கூடம், வீடு எல்லாவற்றையும் சேர்த்தே அப்படி அழைக்கிறார்கள். ஈக்கெமில் நிஜமாகவே மதிலும் கோபுரங்களும் கொண்ட ஒரு கோட்டை வீடு குன்றின்மேல் நிற்கிறது.

பதினாறாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் மோந்தேஞ்ஞின் குடும்பப் பெயரும் எய்க்கெம் என்பதால் இது அவருடைய தோட்டம் என்று சிலர் எழுதுவதுண்டு. பெயர்தான் ஒன்று. இந்தத் தோட்டம் அவர் கையில் இருந்ததில்லை.

எங்கே இருக்கிறது? அந்த இடத்துக்கு என்ன சிறப்பு?

பிரான்சின் தென்மேற்கில், போர்டோ நகரத்திலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் சோத்தெர்ன் என்ற சிற்றூர் இருக்கிறது. சோத்தெர்ன், பர்சாக், பொம், ஃபார்க், ப்ரேஞாக் ஆகிய ஐந்து ஊர்களில் விளையும் இனிப்பு ஒயினுக்கு மட்டுமே ‘சோத்தெர்ன்’ என்ற பெயர் சட்டப்படி உண்டு. அந்த வட்டாரத்தின் உயரமான குன்றுகளில் ஒன்றை ஈக்கெம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சிறப்பு இரண்டு ஆறுகளில் தொடங்குகிறது. சீரோன் என்பது காட்டு மரநிழலில் ஓடிவரும் சிற்றாறு, அதன் நீர் குளிர்ந்தது. அது போய்ச் சேரும் கரோன் பேராற்றின் நீர் அதைவிட வெதுவெதுப்பானது. இலையுதிர் காலத்தில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் விடியற்காலையில் மூடுபனி எழும்பித் தோட்டங்களின்மேல் படுத்துக்கொள்ளும். பத்து பதினோரு மணிக்கு வெயில் ஏறியதும் கலைந்துவிடும். காலையில் ஈரம், பிற்பகலில் வெயிலும் காற்றும்: பூஞ்சைக்கு இந்த இரண்டும் மாறி மாறி வேண்டும். ஈரம் மட்டும் இருந்தால் பழம் அழுகும். வெயில் மட்டும் இருந்தால் பூஞ்சை பிடிக்காது. ஈக்கெம் உயரத்தில் இருப்பதால் கிழக்கிலிருந்து வரும் உலர்காற்று தடையில்லாமல் வீசிக் குலைகளைக் காயவைக்கிறது.

மண்ணிலும் ஒரு விசேஷம். மேலே சூட்டைப் பிடித்துவைக்கும் கூழாங்கல்லும் சரளையும், அடியில் நீரைத் தேக்கிவைக்கும் களிமண். கோடையில் அந்தக் களிமண் கொடியைக் காப்பாற்றும், மழைக்காலத்தில் அதே களிமண் வேரை மூழ்கடிக்கும். அதற்காகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலத்துக்கடியில் வடிகால் குழாய்கள் பதித்தார்கள். அவற்றின் மொத்த நீளம் சுமார் 100 கிலோமீட்டர். அந்த மேட்டு நிலத்தில் அத்தனை குழாய் புதைத்ததை நினைத்துப் பார்த்தால்தான் ஈக்கெமின் சீர் எதில் நிற்கிறது என்பது விளங்கும்.

என்ன திராட்சை? எவ்வளவு நிலம்?

தோட்டம் சுமார் 113 எக்டேர். அதில் ஏறக்குறைய 100 எக்டேரிலிருந்துதான் எந்த ஆண்டும் ஒயின் வரும். ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று எக்டேர் பழைய கொடிகளைப் பிடுங்கி, நிலத்தை ஓராண்டு தரிசாக விட்டு, மறுபடி நடுகிறார்கள். இளங்கொடியின் பழத்தை முதல் சில ஆண்டுகளுக்கு ஈக்கெமில் சேர்ப்பதில்லை.

நட்டிருப்பதில் முக்கால் பங்கு செமியோன், கால் பங்கு சோவிஞோன் ப்ளாங். செமியோனின் தோல் மெல்லியது, பூஞ்சை எளிதில் துளைக்கும். ஒயினுக்குப் பருமனும் வழவழப்பும் தருவது அதுதான். சோவிஞோன் வாசனையையும் புளிப்பையும் கொண்டுவருகிறது, ஆனால் விளைச்சலில் அது நிலையில்லாதது. குளிர்காலக் கவாத்தில் கொடிக்கு மிகச்சில மொட்டுகளை மட்டுமே விடுவார்கள். குலை குறைந்தால்தான் உள்ள குலை முழுதாகப் பழுக்கும்.

பூஞ்சை பிடித்த பழத்தில் ஒயினா? அது கெட்ட பழம் இல்லையா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். விடை பூஞ்சை எப்போது வருகிறது, என்ன வானிலையில் வருகிறது என்பதைப் பொறுத்தது.

போட்ரைட்டிஸ் சினீரியா என்பது ஸ்ட்ராபெரி முதல் திராட்சை வரை பல பழங்களை அழிக்கும் சாம்பல் நிறப் பூஞ்சை. பழுக்காத பழத்தில் வந்தாலோ, தொடர்மழையில் வந்தாலோ அது வெறும் சாம்பல் அழுகல், ஒன்றுக்கும் ஆகாது. ஆனால் நன்றாகப் பழுத்த, தோல் உடையாத வெள்ளைத் திராட்சையில் வந்து, உடனே உலர்ந்த வானிலையும் வாய்த்தால் வேறொன்று நடக்கும். பூஞ்சை இழைகள் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போடும். தோல் உடையாமலே உள்ளே இருக்கும் நீர் அந்தத் துளைகள் வழியாக ஆவியாகும். பொன்னிறப் பழம் முதலில் சாக்லேட் பழுப்பாக மாறும். இந்த நிலையில் அது இன்னும் உப்பலாகவே இருக்கும். பிறகு சில நாட்களில் சுருங்கி, மேலே சாம்பல் தூசி படிந்து, உலர்திராட்சைக்கும் பழத்துக்கும் இடைப்பட்ட ஒன்றாக ஆகும். தோட்டக்காரர்கள் இதை ‘வறுபட்டது’ என்கிறார்கள். பறிக்க வேண்டியது அந்தக் கட்டத்தில்தான். இந்த நல்ல வகை அழுகலுக்குப் பிரெஞ்சில் ‘பூரித்யூர் நோப்ல்’, அதாவது மேன்மையான அழுகல் என்று பெயர்.

வெயிலில் காயவைத்த உலர்திராட்சையிலும் நீர் வற்றிச் சர்க்கரை செறிகிறதே, இதில் என்ன கூடுதல்? நீர் வற்றினால் சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தே செறியும். பூஞ்சையோ பழத்தின் டார்டாரிக் அமிலத்தில் பெரும்பகுதியைத் தானே தின்றுவிடுகிறது, சர்க்கரையில் ஒரு பங்கையும் எடுத்துக்கொள்கிறது. பதிலுக்குக் கிளிசரால் போன்றவற்றை உண்டாக்குகிறது. வாயில் ஒயின் எண்ணெய் போல் வழுக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். வாசனைகளையும் அது மாற்றுகிறது: உலர்ந்த ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல், தேன், குங்குமப்பூ. வயதான சோத்தெர்னில் வரும் வெந்தயத்தையும் காய்ச்சிய பாகையும் நினைவூட்டும் மணத்தில் சோட்டலான் என்ற சேர்மத்துக்குப் பங்கு உண்டு. வெந்தயத்துக்கு அதன் வாசனையைத் தருவதும் அதே சேர்மம்தான்.

தோட்டத்தில் எது எது தவறாகப் போகும்?

முதலாவது மழை. வறுபட்ட பழத்தின் மேல் மழை பெய்தால் அது பஞ்சு போல் நீரை உறிஞ்சும். பல வாரங்களில் செறிந்த சர்க்கரை இரண்டே நாளில் நீர்த்துவிடும்.

இரண்டாவது புளிப்பு அழுகல். பூச்சியோ ஆலங்கட்டியோ தோலைக் கிழித்த இடத்தில் காடி உண்டாக்கும் பாக்டீரியா புகுந்துகொள்ளும், பழ ஈக்கள் அதைக் குலை குலையாகப் பரப்பும். அந்தப் பழம் வினிகர் வாடை அடிக்கும். ஒரு கூடையில் சில பழம் கலந்தாலே ஒரு பீப்பாய் பாழாகலாம். அதனால் பறிப்பவர்கள் சந்தேகப்பட்ட குலையை முகர்ந்து பார்ப்பார்கள்.

மூன்றாவது, பூஞ்சை வரவே வராமல் போவது. வறண்ட ஆண்டுகளில் பழம் பழுத்துப் பழுத்துக் காய்ந்துபோகும். ஒயின் இனிப்பாக வரும், ஆனால் அந்த வாசனை இருக்காது.

நான்காவது, வசந்தகாலப் பின்பனி. ஏப்ரலில் துளிர்த்த மொட்டு ஒரே இரவில் கருகிவிட்டால் அந்தக் கொடிக்கு அந்த ஆண்டு அவ்வளவுதான்.

அறுவடை எப்படி நடக்கிறது?

ஒரே நாளில் தோட்டத்தை வழித்தெடுக்கும் அறுவடை இங்கே கிடையாது. பூஞ்சை எல்லாப் பழத்திலும் ஒன்றாக வருவதில்லை. ஒரே குலையில் ஒரு பக்கம் வறுபட்டிருக்கும், மறுபக்கம் பொன்னிறமாகவே தொங்கும். ஆகவே சிறு கத்தரிக்கோலுடன் 150 முதல் 200 பேர் வரிசைகளில் நடந்து, வறுபட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுப்பார்கள். மீதியைக் கொடியிலேயே விட்டுவிட்டு, சில நாள் கழித்து மறுபடி அதே வரிசைக்கு வருவார்கள். இந்த ஒவ்வொரு சுற்றுக்கும் ‘த்ரீ’ என்று பெயர். பொதுவாக ஐந்து ஆறு சுற்று நடக்கும். செப்டம்பரில் தொடங்கும் வேலை அக்டோபர் முழுக்க, சில ஆண்டுகளில் நவம்பர் வரை நீளும். 1964-இல் 13 சுற்று போனார்கள். மழை விடவில்லை. கடைசியில் அந்த ஆண்டு ஒயினே வெளியிடவில்லை.

எப்போது பறிப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சாற்றில் உள்ள சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறினால் எத்தனை சதவீதம் வரும் என்று அளப்பார்கள். ஈக்கெம் தேடுவது 20 முதல் 21 சதவீதத்தை ஒட்டிய சாறு. ஒரு சதவீதத்துக்கு லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை வேண்டும், ஆகவே அது லிட்டருக்கு ஏறக்குறைய 340 முதல் 360 கிராம். அதில் 13.5 சதவீதம் ஆல்கஹாலானால் 230 கிராம் செலவாகும், 110 முதல் 130 கிராம் இனிப்பாக நிற்கும். செறிவு இதற்குக் குறைந்தால் ஒயின் மெலிந்துவிடும். 25 சதவீதத்தைத் தாண்டினாலோ ஈஸ்ட் திணறி, ஆல்கஹால் ஏறாமல், திகட்டும் பாகாக முடியும். கூடுதல் இனிப்பு எப்போதும் நல்லது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு கொடிக்கு ஒரு கோப்பை என்கிறார்களே, அது விளம்பரமா?

இல்லை, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எக்டேருக்கு 6,500 கொடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈக்கெமின் சராசரி விளைச்சல் எக்டேருக்கு 900 லிட்டரை ஒட்டியது. வகுத்தால் கொடிக்கு 140 மில்லிலிட்டர், அதாவது ஒரு கோப்பை. சோத்தெர்ன் பெயருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே எக்டேருக்கு 2,500 லிட்டர்தான். ஈக்கெம் அதிலும் பாதிக்குக் கீழே நிற்கிறது.

நல்ல ஆண்டில் மொத்தம் ஒரு லட்சம் புட்டியை ஒட்டி வரும். பெரும்பாலான ஆண்டுகளில் அதற்கும் குறைவு.

பிழிவதும் நொதிக்கவைப்பதும் எப்படி?

பறித்த அன்றே பிழிந்துவிட வேண்டும். பூஞ்சை பிடித்த பழத்தில் லாக்கேஸ் என்ற நொதி நிறைய இருக்கும். சாற்றில் காற்றுப் பட்டதும் அது வேலையைத் தொடங்கி, வெட்டிய ஆப்பிள் போல் சாற்றைப் பழுப்பாக்கும்.

சாதாரண ஒயினில் முதலில் வழியும் சாறுதான் சிறந்தது, அழுத்த அழுத்தத் தரம் இறங்கும். இங்கே நிலைமை தலைகீழ். முதல் பிழிவில் சாற்றின் பெரும்பகுதி வந்துவிடும். பிறகு இறுகிய சக்கையை உடைத்து உதிர்த்து இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பிழிவார்கள். சுருங்கிய பழங்கள் கடைசியில்தான் தங்களிடமுள்ளதை விடும் என்பதால் ஒவ்வொரு பிழிவிலும் சர்க்கரை கூடும். அழுத்தம் மெதுவாக ஏற வேண்டும். பூஞ்சை உண்டாக்கும் குளூக்கான் என்ற பசைப்பொருள் தோலை ஒட்டி இருக்கும். முரட்டுத்தனமாக நசுக்கினால் அது சாற்றில் கலந்து, பின்னால் ஒயினைத் தெளியவிடாது, வடிகட்டியையும் அடைத்துவிடும்.

சாறு 225 லிட்டர் கொள்ளும் புது ஓக் பீப்பாய்களுக்குப் போகும். ஒவ்வொரு நாளின் சாறும் தனித்தனிப் பீப்பாயில். நொதித்தல் இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை இழுக்கும். 13.5, 14 சதவீதத்தை எட்டும்போது ஈஸ்ட் தானாகவே களைத்துவிடும். சர்க்கரையின் அடர்த்தி ஒரு காரணம், ஏறிய ஆல்கஹால் இன்னொன்று. ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைட்ரஜனையும் தயமினையும் பூஞ்சை முன்பே தின்றுவிட்டிருப்பது மூன்றாவது. அந்த நேரத்தில் சல்பர் டைஆக்சைடு சேர்த்து நொதித்தலை உறுதியாக நிறுத்துவார்கள். ஒரு நாள் தாமதித்தாலும் இனிப்புக்கும் ஆல்கஹாலுக்கும் உள்ள நிதானம் கெடும் என்பதால் பீப்பாய் பீப்பாயாகச் சுவைத்துப் பார்த்துத்தான் முடிவு.

சல்பைட்டுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க: லாக்கேஸையும் மறுநொதிப்பையும் கட்டுப்படுத்த இனிப்பு ஒயினுக்கு அது அதிகம் தேவைப்படுகிறது. சோத்தெர்னுக்கு ஐரோப்பியச் சட்டம் லிட்டருக்கு 400 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. இனிப்பில்லாத ‘உலர்’ ஒயின்களுக்கு உள்ள வரம்பைவிட இது மிக அதிகம்.

பீப்பாயில் எவ்வளவு காலம்?

முன்பு மூன்று ஆண்டுக்கும் மேல். இப்போது ஏறக்குறைய இரண்டு ஆண்டு. இந்தக் காலத்தில் இரண்டு வேலை ஓயாது. பீப்பாயிலிருந்து ஆவியாகும் அளவுக்கு வாரம் இருமுறை ஒயின் ஊற்றி நிரப்ப வேண்டும், இல்லையென்றால் மேலே காற்று தங்கி ஒயின் புளிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடியில் தங்கிய மண்டியை விட்டுவிட்டுத் தெளிந்ததை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்ற வேண்டும். நாளுக்கொரு பீப்பாயாக வந்தவற்றைச் சுவைத்து, தேறாதவற்றை ஒதுக்கிவிட்டே கலவையைக் கட்டுவார்கள். ஒதுக்கியது ஈக்கெம் பெயரில் வெளியே போகாது.

ஈக்கெம் வெளிவராத ஆண்டுகள் எவை?

1910, 1915, 1930, 1951, 1952, 1964, 1972, 1974, 1992, 2012. இந்தப் பத்து ஆண்டின் முத்திரையோடு ஒரு ‘ஈக்கெம்’ புட்டி உங்கள் முன் வந்தால் அது போலி, வேறு ஆய்வு தேவையில்லை.

அந்த ஆண்டுகளிலும் பறித்தார்கள், பிழிந்தார்கள், கூலி கொடுத்தார்கள். வந்த ஒயினைப் பெயரில்லாமல் மொத்த வியாபாரிகளுக்கு விற்றுவிட்டார்கள். முழு ஆண்டு வருமானத்தை இப்படி விட்டுக்கொடுத்ததுதான் இந்தத் தோட்டத்தின் பெயரைக் காப்பாற்றியது. மற்ற எந்தப் பெருமையையும்விட நான் மதிப்பது இதைத்தான்.

தோட்டம் யாருடையது? வரலாறு என்ன?

இடைக்காலத்தில் அந்தப் பகுதி இங்கிலாந்து அரசர்களின் கீழ் இருந்தது, 1453-இல் பிரெஞ்சு அரசின் கைக்கு வந்தது. 1593-இல் ஜாக் சோவாஜ் என்பவர் ஈக்கெமின் அனுபவ உரிமையைப் பெற்றார். 1711-இல் அவர் வழிவந்த லெயோன் தெ சோவாஜ் முழு உரிமையாளர் ஆனார்.

1785-இல் அந்த வீட்டின் வாரிசான ஃபிரான்சுவாஸ் ஜோசஃபின், கோமகன் லூயி அமெதே தெ லூர்-சலூஸை மணந்தார். மூன்றே ஆண்டில் குதிரையிலிருந்து விழுந்து கணவர் இறந்தார். அடுத்த ஆண்டே பிரெஞ்சுப் புரட்சி. பிரபுக் குடும்பம் என்பதால் ஜோசஃபின் சிறைக்கும் போனார், ஆனால் தோட்டத்தைக் கைவிடவில்லை. 1826-இல் தோட்டத்துக்கென ஒயின் கூடம் கட்டினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். 1851-இல் அவர் இறக்கும்போது ஈக்கெம் ஐரோப்பா முழுவதும் தெரிந்த பெயர். ஈக்கெமின் வரலாற்றில் ஒரே ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் இவரைத்தான் சொல்ல வேண்டும்.

தாமஸ் ஜெஃபர்சன் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது 1784-இல் விளைந்த ஈக்கெமில் 250 புட்டி வரவழைத்தார். 1790-இல் குடியரசுத் தலைவர் வாஷிங்டனுக்காக 30 டஜன் கேட்டு எழுதினார். 1859-இல் ரஷ்யாவின் இளவரசர் கான்ஸ்டான்டின், 1847-ஆம் ஆண்டு ஒயினில் 900 லிட்டருக்கு 20,000 தங்க ஃபிராங்க் கொடுத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் முதல் உலகப்போருக்குப் பின் 1968 வரை பெர்த்ராந்த் தெ லூர்-சலூஸும், அவருக்குப்பின் 2004 வரை சகோதரர் மகனான அலெக்சாந்த்ர் தெ லூர்-சலூஸும் நடத்தினார்கள். 1996-இல் எல்விஎம்எச் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமம் குடும்பத்தின் பிற பங்குதாரர்களிடமிருந்து பெரும்பங்கை வாங்கியது. அலெக்சாந்த்ர் எதிர்த்து வழக்காடி, 1999-இல் சமாதானமானார். 2004-இல் பியேர் லூர்தோன் நிர்வாகத்துக்கு வந்தார்.

1855 தரவரிசையில் ஈக்கெமுக்கு என்ன இடம்?

பாரிஸ் பொருட்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொள்ள, போர்டோ தரகர்கள் அதுவரை நிலவிய விலைகளை வைத்துத் தோட்டங்களை வகுப்பு பிரித்தார்கள். சிவப்பு ஒயினில் நான்கு தோட்டம் முதல் வகுப்பு பெற்றன. இனிப்பு வெள்ளையிலும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ‘ப்ரெமியே க்ரூ சுப்பேரியர்’ என்று தனி வகுப்பு ஒன்றை வைத்து, அதில் ஈக்கெமை மட்டும் உட்காரவைத்தார்கள். இன்றுவரை அந்த வகுப்பில் வேறு யாரும் இல்லை.

உரிமையாளர் ரஷ்யாவிலிருந்து தாமதமாக வந்ததால் தற்செயலாகப் பிறந்த ஒயின் என்பது உண்மையா?

1847-இல் பிரபு ஊரில் இல்லை, அவர் வரும்வரை யாரும் பறிக்கவில்லை, பழத்தில் பூஞ்சை பூத்துவிட்டது, அப்படியே பிழிந்தார்கள் என்று கதை. சுவாரசியமான கதைதான், ஆனால் நிற்காது. 1666-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று, சோத்தெர்ன், பொம் ஊர்களில் அக்டோபர் 15 வாக்கில்தான் அறுவடை வழக்கம் என்று சொல்கிறது. ஜெஃபர்சன் வாங்கியதும் 1847-க்கு 60 ஆண்டுக்கு முன்பே. தாமதமாகப் பறிப்பது தலைமுறைகளாகப் பார்த்துப் பார்த்துப் பழகிய வேலை.

‘இக்ரெக்’ என்பது என்ன?

அதே தோட்டத்தின் உலர் வெள்ளை ஒயின். பெயர், ஈக்கெம் தொடங்கும் பிரெஞ்சு எழுத்தின் பெயர்தான், முத்திரையிலும் அந்த ஓரெழுத்து பெரிதாக இருக்கும். 1959-இல் முதலில் வந்தது. அப்போதெல்லாம் சில ஆண்டுகளில் மட்டும் செய்தார்கள், 2004 முதல் ஆண்டுதோறும். இதில் சோவிஞோனின் பங்கு அதிகம். அளவு மிகக் குறைவு. இனிப்பு ஈக்கெமை எதிர்பார்த்து இதைத் திறந்துவிடாதீர்கள்.

எந்த ஆண்டு வாங்கலாம்?

1921, 1937, 1945, 1947, 1959, 1967, 1975, 1983, 1986, 1988, 1989, 1990, 1997, 2001, 2009, 2011, 2015 ஆகியவை பெயர் பெற்றவை. இவற்றில் 2001-க்குத் தனி இடம்: செறிவும் புளிப்பும் இவ்வளவு நேர்த்தியாக இணைந்த ஆண்டு அபூர்வம்.

போர்டோ சிவப்புக்கு நல்ல ஆண்டு என்றால் சோத்தெர்னுக்கும் நல்ல ஆண்டு என்று எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு. சிவப்புத் திராட்சை பறித்து முடிந்த பிறகுதான் இங்கே ஆட்டமே சூடுபிடிக்கும். 1967 சிவப்புக்குச் சுமாரான ஆண்டு, ஈக்கெமுக்கோ மகத்தான ஆண்டு. 2000 சிவப்புக்குக் கொண்டாட்டம், ஈக்கெம் கொஞ்சம்தான் வந்தது.

இளமையிலேயே குடிக்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் 15, 20 ஆண்டு கடந்த பிறகுதான் குங்குமப்பூவும் பாகும் ஆரஞ்சுத் தோலும் வெளியே வரும். நல்ல ஆண்டின் புட்டி நூறாண்டு தாங்கும். 1811-ஆம் ஆண்டுப் புட்டி ஒன்று 2011-இல் 75,000 பவுண்டுக்கு விற்றது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் மேற்சொன்ன பத்து ஆண்டுகளில் ஒன்றா என்று. பிறகு ஒயின் மட்டம்: 30 வயதுக்குட்பட்ட புட்டியில் அது கழுத்தடியிலாவது நிற்க வேண்டும். தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் தக்கை காற்றை விட்டிருக்கிறது. தக்கை வெளியே துருத்தியிருந்தாலோ உறையடியில் பிசுபிசுப்பு இருந்தாலோ புட்டி எங்கோ வெயிலில் வெந்திருக்கிறது. நிறம் வைக்கோல் பொன்னிலிருந்து அம்பருக்கும், மிக முதிர்ந்ததில் தேநீர்ப் பழுப்புக்கும் போவது இயல்பு. பத்து வயதுப் புட்டி தேநீர் நிறத்தில் இருந்தால் வாங்க வேண்டாம். பழைய முத்திரையில் கிரீடத்தின்கீழ் தோட்டப் பெயரோடு ‘லூர்-சலூஸ்’ என்றும், புதியதில் அந்த இடத்தில் ‘சோத்தெர்ன்’ என்றும் இருக்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் புட்டிகளை நம்பாதீர்கள். ஜெஃபர்சனின் முதலெழுத்துகள் பொறித்தவை என்று 1980-களில் சில புட்டிகள் பெரும் விலைக்குப் போயின. அவற்றுக்கு அவருடைய கணக்குப் புத்தகங்களில் தடயமே இல்லை. எழுத்துகள் மின்கருவியால் பொறிக்கப்பட்டவை என்று பின்னால் சோதித்தவர்கள் கண்டார்கள்.

முழுப்புட்டிக்குக் காசு போதவில்லையென்றால் 375 மில்லிலிட்டர் அரைப்புட்டி நல்ல வழி. அது சற்றே விரைவாக முதிரும், அவ்வளவுதான்.

வீட்டில் எப்படி வைப்பது?

12 முதல் 14 டிகிரி, இருட்டு, அசைவில்லாத இடம், தக்கை நனையும்படி படுக்கைவாக்கில். நம் ஊர் வெப்பத்தில் அலமாரி உதவாது. ஒரு கோடை முழுக்க 35 டிகிரியில் கிடந்தால் இருபது ஆண்டு முதிர்வு தாறுமாறாக நடந்துமுடியும். ஒயினுக்கான தனிக் குளிர்பெட்டி இல்லாதவர்கள் வாங்கிய சில வாரங்களில் குடித்துவிடுவதே மேல், அதுவரை சாதாரணக் குளிர்சாதனப் பெட்டி போதும். ஆண்டுக்கணக்கில் அதில் வைத்தால் தக்கை உலர்ந்து சுருங்கும்.

எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஊற்றுவது? எதோடு சாப்பிடுவது?

9, 10 டிகிரியில் ஊற்றி, கோப்பையிலேயே 13 வரை ஏறவிடுங்கள். பனிக்கட்டி போல் குளிர்ந்திருந்தால் வாசனை மூடிக்கொள்ளும், 18-ஐத் தாண்டினால் திகட்டும். ஆளுக்கு 60, 70 மில்லிலிட்டர் போதும். அரைப்புட்டி ஐந்து பேருக்கு வரும். சிறு மதுக்குவளை வேண்டாம், வாய் குவிந்த சாதாரண வெள்ளை ஒயின் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். இளம் ஒயினை ஒரு மணி நேரம் முன்பே திறந்து வைக்கலாம். அடியில் கற்கண்டுத் தூள் போல் படிகம் தெரிந்தால் பயப்படாதீர்கள், அது டார்டாரிக் உப்பு.

பிரான்சில் வழக்கமான இணைகள் வாத்துக் கல்லீரலும், உப்புக் கரிக்கும் ரோக்ஃபோர் நீலச் சீஸும். உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தூக்கிவிடும். வறுத்த கோழி, இறால், தேங்காய்ப்பாலில் செய்த அளவான காரம் எல்லாம் ஒத்துவரும். ஆனால் மைசூர்பாகு, அல்வா, குலாப் ஜாமூன் பக்கத்தில் வைக்காதீர்கள். தட்டில் உள்ளது ஒயினைவிட இனிப்பாக இருந்தால் அத்தனை விலை கொடுத்த ஒயின் வெறும் புளிப்பாகத் தோன்றும். சாக்லேட்டும் அதன் வாசனையை மறைத்துவிடும்.

திறந்த புட்டி எத்தனை நாள் தாங்கும்?

தக்கையைத் திருப்பி அழுத்தி, குளிர்சாதனப் பெட்டியில் நிறுத்திவைத்தால் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். இளம் ஒயின் அதையும் தாண்டும். சர்க்கரையும் சல்பரும் அதைக் காக்கின்றன. பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் சிறிய சுத்தமான புட்டிக்கு மாற்றிக் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள், காற்றுக்கு இடம் குறையும். 40, 50 வயதுப் புட்டிக்கு மட்டும் இந்தத் தாராளம் இல்லை. அதை மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.